வாடைக்காற்றில் இரண்டு சைக்கிள்: தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்கு

தூத்துக்குடியில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு வெயிலையும் மழையையும்விடப் பெரிய விஷயம் காற்று. வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது, மழைக்குக் கோட்டு இருக்கிறது. காற்றுக்கு ஒன்றும் கிடையாது, நெஞ்சில் வாங்கித்தான் ஆகவேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் மேல்காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசும். ஐப்பசி பிறந்ததும் திசை மாறி வாடை அடிக்கத் தொடங்கும். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் எந்த ஊருக்குப் போகலாம் என்று பேசுவதற்கு முன்பே காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுவோம்.

புருஷனும் பெண்டாட்டியுமாக இப்படி நெடுந்தூரம் போவதைப் பார்த்துத் தெரிந்தவர்கள் நிறையக் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் எப்படிப் போகிறீர்கள், பாதி வழியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள், ஒருவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் என்ன செய்வார்? இதற்கெல்லாம் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது. போன ஐப்பசியில் மணப்பாடு வரை போய்வந்த ஒரு நாளைச் சொன்னால் பதில் அதிலேயே இருக்கும்.

கிளம்பும் முன்

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு கடற்கரைச் சாலை வழியாக 60 கிலோமீட்டர் சொச்சம். முள்ளக்காடு, பழையகாயல், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், அப்புறம் மணப்பாடு. கரை தென்மேற்காகச் சரிந்து போவதால் வாடை அடிக்கும் மாதத்தில் போகும்போது காற்று முதுகைத் தள்ளிவிடும். திரும்பும்போது மொத்தக் காற்றும் எதிரே நிற்கும். போகும் வழியில் காலுக்குச் சுகமாக இருக்கிறதே என்று தெம்பை எல்லாம் செலவழித்துவிடக் கூடாது. பாதித் தெம்புக்கு மேல் திரும்பும் வழிக்கு மிச்சம் வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் வானிலையைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி உண்டு: துறைமுகத்துப் புயல் கூண்டு. 1 முதல் 11 வரை எண்கள். 1ஆம் எண் ஏற்றினால் தூரத்துக் கடலில் ஏதோ உருவாகிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை என்று பொருள். எண் ஏற ஏற நெருக்கம் கூடும். கூண்டு ஏறியிருந்தால் நாங்கள் கிளம்புவதில்லை. கூண்டு இல்லாத நாளில் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும் பார்ப்போம். அன்றைக்கு எழுதியிருந்தது, "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மிதமான மழை." ஐப்பசி, கார்த்திகையில் முக்கால்வாசி நாளைக்கு இதுதான் எழுதியிருக்கும். அந்த ஓரிரு இடம் எது, எத்தனை மணிக்கு என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. இரண்டு பேரில் யார் "நிறுத்து" என்றாலும் இரண்டு சைக்கிளும் நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வி சக்கரம் நின்ற பிறகுதான். அந்த விதியின் அருமை அன்றைக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

உப்பளத்துக்காரர்களுக்குத் தெரியும்

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்பிக் நகர் தாண்டிவிட்டோம். வானம் வெளுக்கும்போது இரண்டு பக்கமும் உப்பளம். வெட்டவெளி, நடுவில் ஒற்றைச் சாலை, பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் சிவப்பு மேகம். வாடை லேசாக முதுகைத் தொட்டுக்கொண்டே வந்தது.

நாட்டில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. தை, மாசியில் தொடங்கும் உப்பு வாரும் வேலை புரட்டாசியோடு முடிந்துவிடும். ஐப்பசியில் வேலை என்பது வாரி வைத்ததைக் காப்பாற்றுவதுதான். உப்பைக் கொட்டிவைக்கும் தட்டுமேட்டில் ஆள் உயரத்துக்கு மேல் குவித்திருந்த அம்பாரத்தின் மேல் பனையோலையை அடுக்கடுக்காக, கூரை வேய்வது போலவே வேய்ந்திருந்தார்கள். ஓலையின் நுனியெல்லாம் கீழ்நோக்கி இருந்தது. மழைத்தண்ணீர் ஓலை மேலேயே வழிந்து வெளியே போய்விடும், உள்ளே ஒரு சொட்டு இறங்காது. ஒரு அம்பாரத்தில் இரண்டு அக்காமார் ஏறி நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மழை வருமா?"

"வரும் தாயி. மத்தியானத்துக்கு மேல வரும். பைய போங்க, ஆனா வெரசா திரும்பிருங்க."

எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். காலையிலேயே இவ்வளவு புழுக்கமாக இருக்கிறது, கிழக்கே மேகம் கோட்டை கட்டுகிறது என்றார் ஒருவர். கை வேலையை விடவில்லை. மழை பெய்யும் மூன்று மாதமும் இவர்களுக்குக் கூலி இல்லை. அந்த மாதங்களுக்கென்று அரசு இப்போது வருஷத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ராஜம் கிருஷ்ணன் இந்த உப்பளங்களுக்கு நேரில் வந்து பார்த்து எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் படித்தவர்களுக்கு, உப்பு வெடித்த பாதங்கள் என்றால் என்னவென்று தெரியும். வானத்தைத் தப்பாகக் கணித்தால் இவர்களுக்குப் போவது ஒரு பருவத்து உழைப்பு. அதனால் அவர்கள் சொன்ன "மத்தியானத்துக்கு மேல" என்பதை ரேடார் படத்துக்கு மேலாகவே எடுத்துக்கொண்டோம். மணப்பாட்டைப் பன்னிரண்டுக்குள் தொட முடியாவிட்டால் அதற்கு முன்பே திரும்பிவிடுவது என்று அங்கேயே பேசி முடித்தோம்.

ஆறு போட்ட நிலம்

பழையகாயல் தாண்டினால் நிலமே மாறிவிடும். உப்பு முடிந்து வாழை தொடங்கும். முக்காணியில் தாமிரபரணிப் பாலம், அக்கரையில் ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினால் காற்றிலேயே வெற்றிலைக் காரம் தெரியும். பாலத்தைத் தாண்டும்போது முதல் தூறல் விழுந்தது. கோட்டு போடும் அளவுக்கு இல்லை. ஐந்து நிமிடத்தில் நின்று, பின்னாலேயே சுள்ளென்று வெயில்.

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. முத்துக்குப் பேர்போன பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகம் இங்கிருந்து சற்று மேற்கே இருக்கிறது. இன்றைக்குக் கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, துறைமுகம் கடலைத் தேடிப் பழையகாயலுக்கு வந்தது. கொற்கையில் 1877இல் தோண்டிப் பார்த்த கால்டுவெல், மார்க்கோ போலோ எழுதிய ‘காயல்’ இந்தப் பழையகாயல்தான் என்றார். பிறகு இதையும் கடல் விட்டுவிட்டது. காயல்பட்டினம், புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி என்று வணிகம் கரையோடு நகர்ந்தது. நாங்கள் மிதித்துப் போகும் சாலைக்கு அடியில் பழைய கடல் இருக்கிறது.

அதே ஆறு 2023 டிசம்பரில் செய்ததை இந்தச் சாலையில் போகும் யாரும் மறக்க முடியாது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 65 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். திருச்செந்தூர் சாலை துண்டாகிப் போனது, ஏரல் பாலம் உடைந்தது. அந்த ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் மேற்கொண்டு விடாமல் நிறுத்தினார்கள். அதில் சுமார் 800 பேர். வெளிச்சம் வந்து பார்த்தால், அந்த ஸ்டேஷனுக்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஓடிய ரயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் மாவட்டத்தில் நின்ற அந்த ரயிலைப் பற்றி இன்னும் பேசுகிறோம். பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொடுத்து அத்தனை பேருக்கும் சோறாக்கிப் போட்டதைப் பற்றியும் பேசுகிறோம்.

உடைமுள்ளும் ஒர்க்மேன் தம்பதியும்

ஆறுமுகநேரி பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் என்னோடு போட்டி போட்டு முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தலைமுறை ஒன்று தாண்டி, ஒரு பெண் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்க்காத நிலை வந்திருக்கிறது. 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊருக்குப் போகிறேன் என்று நான் சொல்ல முடிவதற்குப் பின்னால் அந்தப் பெண்களும் இருக்கிறார்கள்.

காயல்பட்டினம் நெருங்கும்போது அவருடைய பின் டயர் அமுங்கியது. உடைமுள். உடை என்பது எங்கள் பக்கத்து முள்மரம். தூறல் விழுந்தால் ரோட்டோரத்து முள் ஈர டயரில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டோம். மழைநாளில் ரோட்டில் பஞ்சர் ஒட்ட நினைக்காதீர்கள். டியூப் பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தால்தான் சொல்யூஷன் பிடிக்கும். மாற்று டியூப் போட்டுவிட்டு, ஓட்டையானதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டுவதுதான் சரி. ஆனால் புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அவர் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. நகம் வெட்டியால் பிடித்து இழுத்ததும் அரிசியில் பாதி நீளத்துக்குக் கறுப்பு முனை வந்தது. அதை விட்டிருந்தால் புது டியூபும் ஆலந்தலைக்குள் போயிருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒர்க்மேன் தம்பதி நினைவு வரும். ஃபேனி புல்லக் ஒர்க்மேன், அவர் கணவர் வில்லியம் ஹண்டர் ஒர்க்மேன், அமெரிக்கர்கள். 1897இல் தொடங்கி இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று சைக்கிளிலேயே சுற்றினார்கள். அவர்கள் எழுதிய புத்தகம் 1904இல் வந்தது, மொத்தப் பயணக் கணக்கு 14,000 மைல். கியர் கிடையாது, தார் ரோடு கிடையாது. ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டிய நாள்கூட உண்டு. இமயமலையில் மலையேறியதற்குத்தான் ஃபேனி பிற்பாடு உலகப் புகழ் பெற்றார். ஆனால் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளில் சமமாக மிதித்து இந்த நாட்டைக் கடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கயிறு பிடிக்கிறவர்

வீரபாண்டியன்பட்டினம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடலிலிருந்து வெள்ளைத் திரை மாதிரி நகர்ந்து வருவது தெரிந்தது. அடுத்த நிமிடம் எதிரே ரோடு இல்லை. அவர்தான் முதலில் "நிறுத்து" என்றார். ரோட்டோர டீக்கடைக்குள் ஒதுங்கினோம். கடைக்கார அண்ணாச்சி எங்கள் சைக்கிளையும் உள்ளே ஏற்றிவிடச் சொல்லி பெஞ்சை நகர்த்தினார்.

எங்களுக்கு முன்பே ஒரு பெரியவர் அங்கே ஒதுங்கியிருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரத்துக்காரர், இளவயதில் சங்கு குளித்தவர். பேரனுடன் மாதா கோயிலுக்கு வந்தவர் மழையில் மாட்டிக்கொண்டாராம். சைக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாவா வாரிய? யாரு முன்னால?" என்று கேட்டார்.

மாறி மாறி என்றேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், பின்னால் வருகிறவருக்குப் பாடு குறையும், அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை இடம் மாறிக்கொள்வோம் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப பின்னால வாரவக தான் கயிறு புடிக்கிற ஆளு."

முத்துக் குளித்த காலத்தில் கடலில் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை. ஒருவர் குளிக்கிறவர், இன்னொருவர் தோணியில் நின்று கயிறு பிடிக்கிறவர். கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து ஐந்து, பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார் குளிக்கிறவர். ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் மூச்சு. அதற்குள் பாரில் இருக்கும் சிப்பியை அள்ளிப் பைக்குள் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும், மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். சிப்பி கிடக்கும் கடலடிப் பாறைத்திட்டைத்தான் பார் என்பது. கயிறு பிடிக்கப் பெண்டாட்டியோடு பிறந்தவனைத்தான் வைப்பார்கள் என்று எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது!

பெரியவர் அதை எங்களுக்குச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. "கீழ போனவனுக்குப் பயம் இருக்கப்பிடாது. பயந்தா மூச்சு போயிரும். மேல நிக்கிறவனுக்குப் பயம் இருக்கணும். அவன் பயந்தாத்தான் நேரத்துக்கு இழுப்பான்."

நெடுநாளாக நாங்கள் செய்துகொண்டிருந்ததற்கு அன்றைக்குத்தான் சரியான காரணம் கிடைத்தது. எதிர்க்காற்றில் முன்னால் மிதிக்கிறவர் தலையைக் குனிந்து இருபது அடி ரோட்டை மட்டும்தான் பார்ப்பார். அவர் வேலை அது. வானம் எப்படி இருக்கிறது, பின்னால் லாரி வருகிறதா, முன்னால் போகிறவருடைய கால் தளர்கிறதா, ஹேண்டில் ஆடுகிறதா, இதெல்லாம் பின்னால் வருகிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். அப்படியானால் நிறுத்தச் சொல்லும் பொறுப்பும் அவருடையதுதான். முன்னால் இருப்பவர் தைரியமாக மிதிக்கலாம், பயப்படும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்ற நம்பிக்கையில்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். முத்துக்குளி பெரும்பாலும் மாசி, பங்குனியில், கடல் தண்ணீர் தெளிந்து காற்று அடங்கும் காலத்தில். நடுராத்திரியில் கரைக்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் பாருக்குப் போகும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பியதும் அதே காற்றில் கரைக்குத் திரும்பும். போகவும் வரவும் காற்றையே துணைக்கு வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிட்டவர்கள் அவர்கள். தூத்துக்குடியில் முத்துக்குளி கடைசியாக நடந்தது 1961இல். அதன் பிறகு பார்களில் போதுமான சிப்பி விளையவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வடக்கே வேப்பலோடையில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் சாட்சியாக இருந்த தலைமுறையில் மிஞ்சியவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கேயாவது டீக்கடையில் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

மணப்பாடு

மழை விட்டதும் கிளம்பினோம். திருச்செந்தூரில் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் போனோம். குலசேகரன்பட்டினத்தில் சுக்குக் காப்பி. உடன்குடிக் கருப்பட்டி போட்டது. நனைந்து வெடவெடத்த உடம்புக்கு அதைப் போல ஒன்று இல்லை. தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் நெரியும் முத்தாரம்மன் கோயில் ஊர் இது. இப்போது பக்கத்திலேயே இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளமும் வருகிறது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து நேர் தெற்கே ஏவினால் கீழே திறந்த கடல். இலங்கையைச் சுற்றி வளைந்து போய் எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை.

மணப்பாட்டைப் பன்னிரண்டுக்குச் சற்று முன் தொட்டோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே கடலைப் பார்த்த குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கி ஜெபித்ததாகச் சொல்லப்படும் குகை அது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே ஏறினோம். கொண்டுபோன புளியோதரையை ஆலயத்துச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் வந்த கரை முழுவதும் வளைந்து தெரியும். வடகிழக்கே கடல் ஒரு பக்கம் வெயிலில் பச்சையாக, இன்னொரு பக்கம் கருநீலமாக இருந்தது. கருநீலத்துக்கு மேலே மேகம் கோபுரமாக எழும்பிக்கொண்டிருந்தது. உப்பளத்து அக்கா சொன்ன கோட்டை.

"ஏங்க, போவோமா?"

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வா."

திரும்பும் வழி

நாங்கள் எதிர்பார்த்தபடியே வாடை இப்போது நேர் எதிரே. போகும்போது வந்த வேகத்தில் பாதிதான் வந்தது. ஆளுக்கொரு மைல்கல் என்று முன்னிடத்தை மாற்றிக்கொண்டோம். எதிர்க்காற்றில் பேசினால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அதனால் மணி அடிப்பதுதான் பேச்சு. ஒரு மணி என்றால் இடம் மாறு, இரண்டு மணி என்றால் தண்ணீர், விடாமல் அடித்தால் நிறுத்து. திருச்செந்தூர் தாண்டியதும் ஒரு சின்ன மழை, காயல்பட்டினத்தில் வெயில், ஆறுமுகநேரியில் மறுபடியும் மழை. மழைக்கோட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே போனது.

ஆத்தூர் வரும்போது அவர் முன்னால், நான் பின்னால். வடக்கே மின்னல். எண்ண ஆரம்பித்தேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் விழுகிறது, உடனே கூரைக்குள் போய்விட வேண்டும். முதலில் முப்பத்தைந்து. பாலம் ஏறும்போது இருபத்தெட்டு. பாலத்திலிருந்து இறங்கும்போது இருபத்திரண்டு.

முக்காணியில் வீடுகள் இருக்கின்றன, கடைகள் இருக்கின்றன. அதைத் தாண்டிப் பழையகாயலுக்கு அப்பால் மறுபடியும் உப்பளத்து வெட்டவெளி. அங்கே மரம் இல்லை, கட்டடம் இல்லை. சாலையில் போகும் சைக்கிள்காரர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

மணியை விடாமல் அடித்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினார். ஒரு பலசரக்குக் கடைக்குள் ஏறி நின்ற பிறகுதான் "எத்தனை?" என்று கேட்டார். "இருபத்திரண்டு" என்றேன். தலையை ஆட்டினார். வீட்டுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், கால் வலித்தாலும் மிதித்துவிடுகிற தூரம். அவருக்கு மிதிக்கத் தெம்பும் இருந்தது. ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கயிற்றை இழுத்தேன், அவர் மேலே வந்தார்.

கடைக்கார அண்ணாச்சி போன் போட்டுப் பேசி, தூத்துக்குடிக்கு வாழையிலைக் கட்டு ஏற்றிப் போகும் லோடு வண்டி ஒன்றை நிறுத்தினார். ஈரச் சாக்கை விரித்து, இலைக்கட்டுக்கு நசுங்கல் வராதபடி சைக்கிள்களைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினோம். டிரைவர் தம்பி கூலி வாங்க மாட்டேன் என்றார், நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம். உப்பளத்தைத் தாண்டும்போது மழை கண்ணாடியில் அறைந்தது. வெட்டவெளி முழுவதும் மின்னல் வெளிச்சத்தில் பகல் போல வந்து வந்து போனது. பனையோலை வேய்ந்த அம்பாரங்கள் அசையாமல் நின்றன.

வர நினைப்பவர்களுக்கு

இந்தப் பாதையில் ஜோடியாக வர விரும்புகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் காலை நேரத்தை முழுக்கப் பயன்படுத்துங்கள், இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். ஊர்களை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். முக்காணி, ஆறுமுகநேரி, திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம்: இந்த நான்கிலும் ஒதுங்க இடமும் லோடு வண்டியும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நின்று, மேலே போவதா திரும்புவதா என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். ரிம் பிரேக் வைத்த சைக்கிள் மழையில் சட்டென்று நிற்காது, முன்கூட்டியே பிடித்துப் பழகுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ஈர ரோட்டில் பிடிப்புக் கூடும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டுப் படுங்கள். உப்புக்காற்று ஒரே ராத்திரியில் துருவைக் கொண்டுவந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கிளம்பும் முன்பே நிறுத்தும் உரிமையை இரண்டு பேருக்கும் சமமாகக் கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் ஒருவருக்கு ரோஷம் இருக்கும், இன்னொருவருக்குத் தயக்கம் இருக்கும். "நான் சொன்னால் இவர் நிற்பார்" என்று தெரிந்தால்தான் பயத்தை வாய்விட்டுச் சொல்ல மனது வரும். நெடுந்தூரம் சேர்ந்து போகிற இரண்டு பேருக்குக் கால் பலத்தைவிட அதுதான் முதலில் வேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையிலும் நாங்கள் சைக்கிளிலிருந்து எடுத்துக்கொண்டு போனது அதுதான்.

அடுத்தது வடக்கே. வருகிற மாசியில், காற்று அடங்கியிருக்கும்போது, தருவைகுளம், வேப்பலோடை, வைப்பாறு வழியாக வேம்பார் வரை. முத்துத்தோணிக்காரர்களைப் போலவே இருட்டில் கிளம்பி, கரைக்காற்று ஓயும் முன் பாதித் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்று இப்போதே பேசிவைத்திருக்கிறோம். யாராவது சேர்ந்துகொள்ள நினைத்தால் வாங்க, ஜோடியாக வாங்க.